காரம் யாருக்கு?

அத்தியாயம் ஆறு

சோடாவுக்கு உலகத்தில் இரண்டே பகைவர்கள். ஒருவர் பசி, இன்னொருவர் தூசி. பசி வந்தால் வாய் ஓயாது, தூசி வந்தால் மூக்கு ஓயாது. யாரோ எங்கோ மிளகாய் வறுத்தால், அடுத்த தெருவுக்குப் போன பிறகும் தும்மிக்கொண்டிருப்பான். மூடியைத் திறந்ததும் பொங்குகிற பேச்சு என்பதால் அவனுக்கு அந்தப் பெயரை வைத்தவர் இன்ஸ்பெக்டரக்கா. அவரோ போலீஸ் ஸ்டேஷனில் ஒரு நாள்கூட வேலை பார்த்தவரில்லை. எரிந்துபோன கடைகள் தானாக எரிந்தனவா, முதலாளி கையால் எரிந்தனவா என்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் பார்த்துச் சொன்னவர். அதை விட்டுவிட்டுத் துப்பறியும் ஆபீஸ் திறந்த பிறகும் இன்ஸ்பெக்டர் பட்டம் அவரை விடவில்லை, சோடாவும் விடவில்லை.

இருவரும் சேர்ந்து காணாமல்போன நகையைத் தேடியிருக்கிறார்கள், ஓடிப்போன மாப்பிள்ளையைத் தேடியிருக்கிறார்கள். முட்டைக்குள் காணாமல்போன நிறத்தைத் தேடிக் கிளம்பியது இதுதான் முதல் தடவை.

கேஸைக் கொண்டுவந்தவள் ஒரு முட்டைப் பண்ணைக்காரரின் தங்கச்சி. முந்தின நாள் ஆபீசுக்கு வந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து கதையைச் சொன்னாள். மருந்துக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், அப்பா போன பிறகு அண்ணனுக்குத் துணையாகப் பண்ணைக்கு வந்திருக்கிறாள். கோழிகளுக்கு வயதாகி, முட்டை குறைந்து, ஓடும் மெலிந்துவிட்டது. கறிக்கடைக்கு அனுப்பிவிடலாம் என்றார் அண்ணன். கொஞ்சம் பொறு என்று சொல்லிவிட்டு, பூண்டு, மஞ்சள், வெந்தயம், மிளகாய்த்தூள் என்று பாதிச் சமையலறையை அவள் தீவனத்தில் கலக்க ஆரம்பித்தாள். கோழிகள் மறுபடி ஒழுங்காக முட்டையிட்டன. ஓடு கெட்டியானது. மஞ்சள்கருவோ, இனிமேல் அதை மஞ்சள்கரு என்று சொல்ல வாய் கூசும் அளவுக்குச் சிவந்துபோனது. கேக் கடை நடத்தும் அம்மா ஒருவர் அதைப் பார்த்து மயங்கிவிட்டார். சாயம் போடாமலே கேக்குக்கு இந்த நிறம் கிடைக்குமென்றால், உன் முட்டையைத் தவிர வேறு முட்டை என் கடைக்குள் வராது என்றார். கடைசியாக ஒரு தடவை பார்த்துப் பேச்சை முடிக்க, இன்று சாயங்காலம் வருகிறார்.

சில நாளாகத்தான் வினை. கலவை அதே கலவை, அளவு அதே அளவு, கலப்பதும் அவள் கைதான். ஆனால் உடைக்கிற முட்டையெல்லாம் சோகை பிடித்து வெளுத்திருக்கிறது. கேக்கம்மா வேண்டாம் என்று சொன்னால் அன்றைக்கே கோழிகளை லாரியில் ஏற்றிவிடுவேன் என்று அண்ணன் சொல்லிவிட்டார். கோழிகள் போனால் நானும் போய்விடுவேன் என்று அவளும் பதிலுக்குச் சொல்லிவிட்டாள். சொன்னதிலிருந்து இருவருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. இதைச் சொல்லும்போது அவள் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள். சோடாவுக்குப் பாவமாக இருந்தது, தனக்கு வாங்கிவைத்திருந்த வடையை அவள் பக்கம் நகர்த்தினான்.

இன்று மதியம் அவர்கள் போய் இறங்கியபோது, பண்ணை வாசலில் காலிக் கூண்டுகளை அடுக்கிய லாரி ஒன்று ஏற்கெனவே நின்றது. டிரைவர் படியில் உட்கார்ந்து, யாராவது கேட்டால் சொல்லித் தீர்த்துவிடலாம் என்ற முகத்தோடு இருந்தார். சோடா கேட்டான். அவர் வருவது இது மூன்றாவது தடவையாம். முதல் தடவை, மழை வருகிற மாதிரி இருக்கிறது, கோழி நனையும் என்று சொல்லி அண்ணன் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டாவது தடவை, கூண்டில் ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறது, கோழிக்குக் கீறும் என்றார்.

"இன்னிக்கு ஒவ்வொரு ஆணியா புடுங்கிட்டு வந்திருக்கேன்" என்றார் டிரைவர். "இதுக்கு மேல என்ன சொல்றார்னு பாத்துடறேன். இன்னிக்கும் ஏத்தலேன்னா இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டேன்."

சோடா சிரித்தான். இன்ஸ்பெக்டரக்கா சிரிக்கவில்லை. ஒரு கூண்டைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே நடந்தார்.

அண்ணன் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். ஓங்குதாங்கான ஆள். கைகள் இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு, வந்தவர்களை மேலும் கீழும் பார்த்தார். சோடா கை குலுக்கக் கையை நீட்டினான். அவர் தலையை மட்டும் ஆட்டினார், கை வெளியே வரவில்லை.

"முட்டை வெளுத்ததுக்கே துப்பறியிறவங்களா?" என்றார். "நாளைக்குப் பால் திரிஞ்சா யாரைக் கூப்பிடுவா?"

அதைச் சொன்னது அவர்களிடம், போய்ச் சேரவேண்டியது தங்கச்சியின் காதுக்கு. அவள் காது கேளாதவள்போல் அவர்களைச் சமையலறைக்குக் கூட்டிப் போனாள். விற்க முடியாத முட்டைகளையெல்லாம் அவித்து ஒரு பாத்திரம் நிறைய வைத்திருந்தாள். அதைக் கண்டதும் சோடாவுக்கு இந்தக் கேஸ் ரொம்பப் பிடித்துப்போனது. ஒன்றை உரித்தான், பாதியைக் கடித்தான், மென்றான், மீதியைப் பார்த்தான். வாய் தானாக நின்றது.

"அக்கா, இதோட வயித்துக்குள்ள வேற ஒரு முட்டை இருக்கு."

இன்ஸ்பெக்டரக்கா மீதிப் பாதியை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். கருவின் நடுவில் நன்றாகச் சிவந்த ஒரு வட்டம். அதைச் சுற்றி வெளுத்த மஞ்சள் வளையம். தங்கச்சி எட்டிப் பார்த்துத் திகைத்து நின்றாள். அவள் பச்சை முட்டையைத்தான் தினமும் உடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், அறுத்துப் பார்க்கவில்லை. உடைத்தால் மேலே உள்ள நிறம் மட்டும்தான் தெரியும். கரு உள்ளேயிருந்து அடுக்கடுக்காகப் பெரிதாகிறது, நடுவில் இருப்பது முன்பு தின்றது, ஓரத்தில் இருப்பது அண்மையில் தின்றது என்று அக்கா விளக்கினார். கலவையில் பழுதில்லை. கோழி ஒழுங்காகத் தின்றுகொண்டிருந்த ஒன்று, சில நாளாக அதன் அலகுக்கே வந்து சேரவில்லை.

"பசி துப்பறிஞ்சிருக்கு" என்றான் சோடா. "இன்னும் ரெண்டு சாப்பிட்டா குற்றவாளி பேரே வந்துடும்."

அப்போதுதான் தங்கச்சி, அண்ணன் அறையிலிருந்து எடுத்துவந்த சாப்பாட்டுத் தட்டைக் கழுவப் போட்டாள். அக்கா அதைத் தடுத்துப் பார்த்தார். தட்டின் ஓரத்தில் மிளகாய்த் துண்டு, மிளகாய்த் தோல், மிளகாய் விதை என்று எல்லாவற்றையும் பொறுக்கி வரிசையாக ஒதுக்கியிருந்தது. அண்ணனுக்குச் சின்ன வயதிலிருந்தே காரம் ஆகாது, ஒரு விதை நாக்கில் பட்டால் வீட்டையே ரெண்டாக்கிவிடுவார் என்றாள் அவள். முன்பெல்லாம் கூடத்தில் சேர்ந்துதான் சாப்பிடுவார்களாம். இப்போது அறைக்குள்ளேயே தட்டை வாங்கிக்கொள்கிறார்.

"என் முகத்துல முழிக்கவே பிடிக்கல போல" என்றாள்.

தீவன அறை வீட்டுக்குப் பின்னால் இருந்தது. உள்ளே போகுமுன் அவள் ஆளுக்கொரு துணியைக் கொடுத்து மூக்கில் கட்டிக்கொள்ளச் சொன்னாள். மிளகாய்த்தூள் டின்னைத் திறந்தால் கண்ணும் மூக்கும் கொட்டும், துணி இல்லாமல் அவளே உள்ளே போவதில்லை. சோடா தன் துணியால் முட்டை ஒட்டிய வாயைத் துடைத்துக்கொண்டிருந்ததில் கட்ட மறந்துவிட்டான். அறை முழுக்கப் பூண்டு வாடை தூக்கியது. அவள் டின்னைத் திறந்தாள், உள்ளே செக்கச்செவேல் என்று தூள் இருந்தது. சோடா தலையை நீட்டி எட்டிப் பார்த்தான்.

"சோடா, நீ ஏன் தும்மல?" என்றார் அக்கா.

தும்மினாலும் திட்டு, தும்மாவிட்டாலும் திட்டு என்று அவன் முனகினான். பிறகுதான் அவனுக்கே உறைத்தது. ஒரு டின் மிளகாய்த்தூளுக்கு மேலே மூக்கை வைத்துக்கொண்டு நிற்கிறான், மூக்கு தன்பாட்டுக்குச் சும்மா இருக்கிறது. ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைக்கச் சொன்னார் அக்கா. சம்பளத்துக்கு இதெல்லாம் கணக்கிலேயே இல்லை என்று சொல்லிவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு வைத்தான். ஒரு கண்ணைத் திறந்தான். மறு கண்ணையும் திறந்தான்.

"இனிக்குது" என்றான்.

தங்கச்சி மூக்குத் துணியை அவிழ்த்துவிட்டுத் தானும் தொட்டு வைத்தாள். காயவைத்து இடித்த பீட்ரூட். அதன் சிவப்பு கண்ணை ஏமாற்றும், மிளகாய்ச் சிவப்புபோல் முட்டைக்கருவில் ஏறாது. யாரோ மிளகாய்த்தூளைக் கொட்டிவிட்டு இதை நிரப்பி வைத்திருக்கிறார்கள். மூக்கில் கட்டிய துணியோடு, பூண்டு வாடைக்கு நடுவில், அவள் தினமும் இதைத்தான் மிளகாய் என்று நம்பி அள்ளிப் போட்டிருக்கிறாள்.

சோடாவிடம் குற்றவாளி தயாராக இருந்தான். முட்டைக்கு நிறம் ஏற்றும் மருந்தைப் பாட்டிலில் விற்கும் ஏஜெண்ட் ஒருவன் அடிக்கடி பண்ணைப் பக்கம் வந்துபோகிறான் என்று காலையில் டீக்கடையில் கேள்விப்பட்டிருந்தான். இவள் கலவை தோற்றால்தானே அவன் பாட்டில் விற்கும். கையும் களவுமாகப் பிடித்து முதுகில் நாலு வைத்தால் உண்மையைக் கக்கிவிடுவான் என்பது சோடாவின் யோசனை.

அக்கா தூளை விரலில் உருட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"கெடுக்கணும்னு நினைக்கிறவன் என்னத்தைக் கலப்பான், சோடா?"

"செங்கல் பொடி. மரத்தூள். கையில கிடைச்ச சிவப்பு."

"இவன் பீட்ரூட் வாங்கி, சீவி, வெயில்ல காயவெச்சு, இடிச்சு, சலிச்சு வெச்சிருக்கான். பத்தியம் இருக்கிற பிள்ளைக்குத் தாய்கூட இவ்வளவு மெனக்கெட மாட்டா. இது பகை செஞ்ச வேலையில்ல."

பகை இல்லையென்றால் என்ன என்று அவன் கேட்டதற்கு, மொட்டைமாடிக்கு ஏறிப் பார், வெயில் அங்கேதான் இருக்கும் என்றார். சோடா ஏணியில் ஏறினான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத மூலையில், ஒரு துண்டு விரித்துக் கிடந்தது. அதில் அங்கங்கே திட்டுத்திட்டாகக் கருஞ்சிவப்பு.

"அக்கா, கொலை" என்று கத்தப் போனவன், துண்டின் நடுவில் சீவல்கள் காய்ந்துகொண்டிருப்பதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். ஒரு சீவலை எடுத்துக் கடித்தான். நன்றாகத்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொண்டான்.

மென்றபடி கீழே பார்த்தபோது, அண்ணன் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுப் பின்கதவு வழியாகக் கோழிக் கொட்டகைக்குள் நுழைவது தெரிந்தது. கம்பிவலைக்கு உள்ளே ஒரே களேபரம். கோழிகள் சிறகடித்துக்கொண்டு, ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ஓடின. சோடா இறங்கி வந்து, அந்த மனுஷனைக் கண்டால் கோழிகூட நடுங்குகிறது, அலறியடித்து ஓடுகிறது என்று சொன்னான்.

"எந்தப் பக்கம் ஓடிச்சு?" என்றார் அக்கா.

சோடா கண்ணை மூடி யோசித்தான். யோசிக்க யோசிக்க அவன் முகம் கோணியது.

"அவர் பக்கம்" என்றான்.

அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். அவர் கண்ணாடி துடைத்தால் கேஸ் முடிந்தது என்று அர்த்தம், கூட இருப்பவனுக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை என்றும் அர்த்தம். சோடா விளக்கம் கேட்பதற்குள் வாசலில் கார் சத்தம் கேட்டது. கேக்கம்மா வந்துவிட்டார்.

கேக்கம்மா சுருக்கமானவர். வந்தார், முற்றத்து மேசையில் இருந்த கூடையிலிருந்து ஒரு முட்டையை எடுத்தார், கிண்ணத்தில் உடைத்தார். இன்னொன்றை உடைத்தார். இரண்டும் வெளுத்துக் கிடந்தன. அவர் தங்கச்சியைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, அதுதான் அவளுக்கு வலித்தது.

"நான் ஏமாந்துட்டேன்னு நினைக்கிறேன்" என்றார். "அப்ப ஏதோ சாயம் கொடுத்திருக்கே. விடு, பரவாயில்ல."

லாரி டிரைவர் எழுந்து கூண்டின் கொக்கியைத் தட்டினார். அண்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். ஜெயித்தவர் முகமாக அது இல்லை என்பதைச் சோடா அப்போதுதான் கவனித்தான். தங்கச்சி அவரைத் தாண்டி வீட்டுக்குள் போகத் திரும்பினாள். பெட்டி கட்டத்தான் போகிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

"ஒரு நிமிஷம்" என்றார் இன்ஸ்பெக்டரக்கா. "அண்ணன் கையை முன்னால கொஞ்சம் காட்டச் சொல்லுங்க."

அண்ணன் காட்டவில்லை. சோடா நல்ல பிள்ளையாக நடந்துபோய் அவருக்குப் பின்னால் நின்று குனிந்து பார்த்தான். பத்து விரல் நுனியும், நகக்கண்ணும், மருதாணி வைத்ததுபோல் சிவந்திருந்தன.

"பீட்ரூட் சாமானியத்துல விடாது" என்றார் அக்கா. "அதான் கை குலுக்கல. அதான் ரூமுக்குள்ளேயே சாப்பாடு."

தங்கச்சி நின்றாள். திரும்பி அண்ணனைப் பார்த்தாள். அந்தப் பார்வையைச் சோடா தாங்கியிருக்க மாட்டான். நீதானா, என்று அவள் கேட்டது பாதிதான் வெளியே வந்தது. தன்னைத் துரத்துவதற்கு இவ்வளவு தூரம் போவார் என்று அவள் நினைக்கவில்லை, அது அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"அப்படி நினைக்காதம்மா" என்றார் அக்கா. "கோழியைக் கறிக்கு அனுப்பத் துடிக்கிறவர், அதுங்க மழையில நனைஞ்சிடும்னு லாரியைத் திருப்பி அனுப்புவாரா? வெட்டப் போற கோழிக்கு ஆணி கீறினா என்னவாம்? ஏன் சார், இன்னிக்கு டிரைவர்கிட்ட என்ன சொல்றதா இருந்தீங்க?"

அண்ணன் லாரியின் பக்கம் பார்த்தார். பிறகு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் சொன்னார்.

"டயர்ல காத்து கம்மியா இருக்குன்னு."

டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு மிச்சமும் வந்தது. ஒரு நாள் கோழிகளுக்கு என்னதான் போடுகிறாள் என்று பார்க்க, அண்ணன் அந்தக் கலவையில் ஒரு சிட்டிகையை எடுத்து வாயில் போட்டிருக்கிறார். அன்று முழுக்க நாக்கு எரிந்திருக்கிறது. ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை. தனக்கே இப்படியென்றால், வேளாவேளைக்கு இதைத் தின்னும் அந்தக் கோழிகளுக்கு எப்படி இருக்கும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. மறுநாள் பீட்ரூட் வாங்கிவிட்டார். வெறும் தீவனத்தோடு இருந்துவிட வேண்டாமே, தித்திப்பாகவும் இருக்கட்டும் என்றுதான்.

"வாயில்லா ஜீவன்" என்றார் அண்ணன். "எரியுதுன்னு யார்கிட்ட போய்ச் சொல்லும்?"

சோடாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, ஆனால் அந்த மனிதர் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டான்.

"கிளி மிளகாப்பழம் கொத்தித் தின்னுறதைப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார் அக்கா.

பார்த்திருக்கிறேன் என்றார் அண்ணன்.

"தின்னுட்டுத் தண்ணிக்கு ஓடிச்சா?"

அண்ணன் யோசித்தார். "இல்ல. அடுத்த பழத்துக்கு வரும்."

"கோழியும் பறவைதானே சார். பறவைக்கு அந்த எரிச்சலே தெரியாது. காரம் முழுக்க உங்களுக்குத்தான்."

அண்ணன் தன் சிவந்த விரல்களைப் பார்த்துக்கொண்டார். நாலு முழத் துண்டு நிறைய பீட்ரூட், இடித்த தோள்வலி, தட்டை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திய நாட்கள், எல்லாம் வீண் என்பது அவருக்கு மெதுமெதுவாக உறைத்தது. தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று தங்கச்சி கேட்டாள். சொன்னால் சிரிப்பே என்றார் அவர். இப்போது மட்டும் என்ன செய்கிறேனாம் என்றாள் அவள். உண்மையிலேயே சிரித்துக்கொண்டிருந்தாள், முந்தானை நுனி கண்ணிலும் இருந்தது.

கேக்கம்மா இதற்குள் காரில் ஏறியிருக்க வேண்டியவர். ஏறவில்லை. இன்ஸ்பெக்டரக்கா ஒரு அவித்த முட்டையை அவர் கையில் கொடுத்து, அறுத்துப் பார்க்கச் சொன்னார். கத்தி இறங்கியதும் நடுவில் சிவப்பும் ஓரத்தில் வெளுப்புமாக இரண்டு வட்டங்கள் தெரிந்தன. உள்ளே இருப்பது தங்கச்சியின் கலவை, வெளியே இருப்பது அண்ணனின் கருணை என்றான் சோடா. அந்த ஒரு வாக்கியத்துக்காக அக்கா அவனை அன்று முழுக்கத் திட்டவில்லை.

கேக்கம்மா முட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சாயம் இல்லேன்னு நீ வாயால சொன்னே" என்றார் தங்கச்சியிடம். "இது அறுத்தே காட்டிடுச்சு. ஓரம் வரைக்கும் செவந்ததும் சொல்லி அனுப்பு. அதுவரைக்கும் வேற இடத்துல பேச மாட்டேன்."

அவர் கார் போனதும், டிரைவர் கூண்டுக் கொக்கியில் கை வைத்தபடி அண்ணனைப் பார்த்தார். ஆணி இல்லை, மழை இல்லை, டயரில் காற்றும் நிறைய இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார்.

"கோழி இங்கதான் இருக்கும்" என்றார் அண்ணன். "நீ சாப்பிட்டுட்டுப் போ."

பிறகு அவர் தன் அறைக்குப் போய், அலமாரியில் ஒளித்துவைத்திருந்த அசல் மிளகாய்த்தூளை எடுத்து வந்தார். வீணாக்கவும் அவருக்கு மனசு வந்திருக்கவில்லை. எல்லோரும் கொட்டகைக்குள் போனார்கள். கோழிகள் வழக்கம்போல் அவரை நோக்கி ஓடிவந்து காலைச் சுற்றின. அவர் வலது கையால் தூளை அள்ளித் தீவனத்தில் தூவிக் கிளறிவிட்டு, பார்க்கமாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு கிழட்டுக் கோழி முண்டியடித்து முன்னால் வந்தது, கொத்தியது. மறுபடி கொத்தியது. பக்கத்தில் வந்த இன்னொன்றை விரட்டிவிட்டு மும்முரமாகத் தின்றது. தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பாரு அண்ணா" என்றாள் தங்கச்சி, அவர் தோளைத் தொட்டு.

அவர் பார்த்தார். சோடாவின் மூக்குக்கு அந்தத் தூள் வந்து சேர்ந்தது அந்த நேரம்தான். அடுக்கடுக்காகத் தும்மினான். தும்மலுக்கு நடுவே, அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொள்வதையும், மிளகாய்த்தூள் பட்டுடுச்சு என்று தங்கச்சியிடம் சொல்வதையும் பார்த்தான். அவள் அவருக்குத் தண்ணீர் எடுக்க ஓடினாள்.

சோடா மூக்கைப் பிடித்துக்கொண்டு அக்காவின் காதருகே குனிந்தான்.

"அக்கா, மிளகாய் அள்ளினது வலது கை. கண்ணைத் துடைச்சது இடது கை."

"தெரியும்" என்றார் இன்ஸ்பெக்டரக்கா. "அந்தக் கேஸை யாரும் நம்மகிட்ட கொடுக்கல. வா, போலாம்."